வேனின் டிபிஎஃப்: வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்புக் கல்லடியில் வேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2012ஆம் ஆண்டு கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ்) வேன் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஜப்பானில் பாவித்து வந்த வண்டி. நாவற்குடாவிலிருந்து டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். மூன்று மாதமாக மீற்றரில் ஒரு மஞ்சள் லைட் எரிகிறது. இப்போது இழுவையும் குறைந்துவிட்டது. ஒரு கராஜில் டிபிஎஃப் அடைத்துவிட்டது, வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிடுவோம் என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் பாஸ் இந்த வேனுக்கு அப்படி ஒரு சாமானே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? இருந்தால் அதை எப்படிப் பராமரிப்பது?"

தம்பி, வெட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் பில்டர். இல்லை என்றவர் சொன்னது பெரும்பாலும் பிழை. அடைத்துவிட்டது என்றவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஏன் அடைத்தது என்று அவர் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. இந்தச் சாமான் தானாகக் கெட்டுப்போவது அரிது. அதற்கு முன்னால் எங்கேயோ ஒன்று கெட்டு, அதன் அழுக்கு இதற்குள் வந்து சேரும். அல்லது வண்டி ஓடுகிற ஓட்டம் அதற்கு ஒத்துவராமல் இருக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டுமே இருக்கக்கூடும்.

முதலில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்ப்போம். இதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை, அரை மணித்தியாலம் போதும். ஜப்பான் சந்தைக்குச் செய்த வண்டி என்றால் வண்டியில் பூட்டியிருக்கும் மாடல் தகட்டில் மாடல் எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் சில இருக்கும். ஜப்பான் ஏலத்தில் கொடுத்த ஒக்ஷன் ஷீட் கையில் இருந்தால் அதிலும் பார்க்கலாம். அந்த வண்டி எந்த ஆண்டின் புகை விதிக்கு அமையச் செய்யப்பட்டது என்பதை அந்த எழுத்துகள் சொல்லும். எல்டிஎஃப்-கேடிஎச் (LDF-KDH) என்று தொடங்கினால் 2009ஆம் ஆண்டு விதிக்குரியது. அதில் டிபிஎஃப் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சந்தைகளுக்கென்று செய்த கேடிஎச் வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. இல்லை என்று சொன்ன பாஸ் அவற்றைக் கழற்றிப் பழகியவராக இருக்கலாம், அவரைக் கோபிக்க வேண்டாம். பழைய டொல்பின் வேனிலும் ஆரம்பகால டிமோ பட்டாவிலும் இதைத் தேடி மினக்கெட வேண்டாம். 2017இன் கடைசியில் வந்த ஜிடிஎச் ஹையேஸ் என்றால் டிபிஎஃப் மட்டுமல்ல, புகையைச் சுத்தமாக்க அடிக்கும் யூரியாக் கரைசலுக்கான தாங்கியும் சேர்ந்து வரும். யூரியா முடிவதும் டிபிஎஃப் அடைப்பதும் வேறு வேறு நோய்கள்.

அடுத்து வண்டிக்குக் கீழே போய்ப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துத்தான். எஞ்சினிலிருந்து பின்னால் வரும் புகைக்குழாயில் ஒரு தடித்த உருளை இருக்கும். சைலன்சருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வயரும் சிறு குழாயும்தான். சைலன்சரில் எதுவும் பூட்டப்பட்டிருக்காது. டிபிஎஃப் உருளைக்கு முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் கிளம்பி, ரப்பர் குழாயாக மாறி, ஒரு சிறிய பிளாஸ்ரிக் சென்சருக்குப் போகும். அதுதான் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சர். வெப்பத்தை அளக்கும் சென்சர்களும் உருளையின் அருகே திருகப்பட்டிருக்கும். இவை இருந்தும், உருளையைச் சுற்றி பாக்டரியில் போடாத ஒரு வெல்டிங் கோடு தெரிந்தால், உங்களுக்கு முன்னரே யாரோ வயிற்றைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் மீற்றரைப் பாருங்கள். எல்லா லைட்டுகளும் சில விநாடி எரிந்து அணையும்போது, பெட்டி ஒன்றுக்குள் புள்ளிகள் போட்ட மாதிரி ஒரு சின்னமும் எரிந்தால் அதுதான் டிபிஎஃப் லைட். உங்களுக்கு எரிவது அதுவா, எஞ்சின் படம் போட்ட லைட்டா என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டும் மஞ்சள்தான், ஆனால் அர்த்தம் வேறு.

கடைசியாக, வெள்ளைத் துணி ஒன்றை விரலில் சுற்றி, வால் குழாயின் உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்யும் டிபிஎஃப் உள்ள வண்டியில், பத்து வருடம் ஓடியிருந்தாலும் துணியில் கொஞ்சம் சாம்பல் நிறத் தூசிதான் வரும். கறுப்பாக, மை மாதிரி ஒட்டினால் பில்டர் வெடித்திருக்கிறது, அல்லது உள்ளே இல்லை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முன்னர் செய்யும் புகைப் பரிசோதனையில் பாஸானது இதற்கு அத்தாட்சி ஆகாது. அங்கே வெளியே வரும் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். பில்டர் இல்லாமலே பாஸாகும் வண்டிகள் நிறைய உண்டு.

சரி, இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

உருளைக்குள் இருப்பது ஒரு பீங்கான் கட்டி. அதில் முனையிலிருந்து முனைக்கு ஆயிரக்கணக்கான மெல்லிய சதுரக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழாய்க்கு அப்படியே எதிர். உள்ளே வந்த புகைக்கு நேராக வெளியே போக வழியில்லை. சுவரில் இருக்கும் நுண்துளைகளின் வழியே பக்கத்துக் குழாய்க்குத் தாவித்தான் போக வேண்டும். காற்று தாவும், கரி சுவரில் தங்கிவிடும். அதனால்தான் கழற்றி ஒரு முனையில் டோர்ச் அடித்தால் மறுமுனையில் வெளிச்சம் தெரியாது. தெரிந்தால் அது நச்சு வாயுவை மட்டும் மாற்றும் வெறும் கெட்டலிட்டிக் கன்வேட்டர், அல்லது உடைந்த டிபிஎஃப்.

தங்குவது இரண்டு வகை. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குள் கரி கிடந்தால் ஊதி எரித்துவிடலாம். சாம்பல் கிடந்தால் விடிய விடிய ஊதினாலும் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். டிபிஎஃப் உள்ளேயும் அப்படியே. டீசல் சரியாக எரியாமல் வருவது கரி. எஞ்சின் ஒயிலில் கலந்திருக்கும் கல்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து மிஞ்சுவது சாம்பல். கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும், அதை ரீஜென் என்கிறோம். சாம்பல் வருடக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் கழற்றிச் சுத்தம் செய்துதான் போகும்.

ரீஜென் இரண்டு விதமாக நடக்கும். நீண்ட ரோட்டில் பாரத்தோடு ஓடும்போது புகைக்குழாய் 250 முதல் 400 பாகை வரை சூடாகும். அந்தச் சூட்டில் கரி மெதுவாகத் தானே கரையும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது போதாமல் கரி அளவுக்கு மேல் சேர்ந்தால், எஞ்சினின் கம்பியூட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் டீசலைக் கூட அடித்து, பில்டரை 600 பாகை அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கும். இது 10 முதல் 20 நிமிடம் எடுக்கும். அப்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறும், ஃபேன் சத்தமாக ஓடும், வண்டிக்குக் கீழே சுட்ட இரும்பு மணம் வரும். அந்த நேரத்தில் எஞ்சினை நிறுத்தினால் பாதியில் விட்ட வேலை.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். காலை ஆறரைக்கு நாவற்குடாவில் குளிர்ந்த எஞ்சின். ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறுத்தி, பிள்ளை செருப்பைப் போட்டு வரும்வரை ஐட்லிங். பிறகு கல்லடிப் பாலம், டவுன் நெரிசல், பள்ளிக்கூட வாசல், நிறுத்து. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்போது ஓட்டமே முடிந்துவிடும். பகல் முழுக்க வேன் நிழலில் நிற்கும், இரண்டு மணிக்கு அதே கதை திரும்ப. நம்முடைய எழுவான்கரையில் ஏற்றமும் இல்லை, எஞ்சின் மூச்சு வாங்க வாய்ப்பே இல்லை. கம்பியூட்டர் ரீஜென்னைத் தொடங்கும், நீங்கள் சாவியைத் திருப்புவீர்கள். நாளைக்கும் தொடங்கும், நாளைக்கும் திருப்புவீர்கள்.

வாழைச்சேனையில் மீன் ஏற்றும் இரண்டு எல்ஃப் கூலர் லொறிகளை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஒரே மாடல், ஒரே வயது. ஒன்று இரவில் மீனோடு கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் மறுநாள் திரும்பும். அதன் டிபிஎஃப் லைட்டை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. மற்றது ஊருக்குள்ளேயே ஐஸும் மீனும் இறக்கிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தாமல் மணிக்கணக்காக நிற்கும். அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வரும். ஓடாத வண்டிக்குத்தான் இந்த நோய் கூட.

அரைகுறை ரீஜென்னால் வரும் இன்னொரு ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது பில்டரில் இல்லை, ஒயிலில் இருக்கிறது. பல வண்டிகளில் கூட அடித்த டீசல் முழுதும் புகைக்குழாய்க்குப் போவதில்லை. ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலந்துவிடும். போன வருடம் இப்படி ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. ஒயில் குச்சியை இழுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் உயரம் ஒயில். "எங்கட வண்டி ஒயில் குடிக்கிறதே இல்லை அண்ணன்" என்று பெருமையாகச் சொன்னார் சாரதி. குச்சியின் நுனியை மணந்து பார்த்தேன், சுத்த டீசல் மணம். விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்குகிறது. குடிக்காத வண்டி இல்லை அது, டீசலை ஒயிலோடு சேர்த்துக்கொண்டிருந்த வண்டி. அப்படி ஓடினால் பெயரிங் தேயும். அளவு மீறினால் எஞ்சின் அந்த ஒயிலையே இழுத்து எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடிச் சாகும். ஆகவே இந்தப் பதிலை வாசித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, சமதரையில் வண்டியை நிறுத்தி ஒயில் குச்சியைப் பார்ப்பது. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒயிலை மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம். மாற்றிய பிறகும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். குறைவதைப் பார்ப்பது போலக் கூடுவதையும் பார்க்க வேண்டும்.

மூன்று மாதமாக லைட், இப்போது இழுவையும் இல்லை என்கிறீர்கள். டிபிஎஃப் லைட் மட்டும் புதிதாக எரிந்திருந்தால், ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்தால், அல்லது கம்பியூட்டரே பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிட்டால், ரோட்டில் விரட்டி எரிக்கப் பார்க்கக்கூடாது. அந்த நிலையில் கம்பியூட்டர் ரீஜென்னையே தடுத்து வைத்திருக்கும். ஸ்கானர் போட வேண்டும்.

ஸ்கானர் போடும் இடத்தில் அது காட்டும் பிழை எண்ணை (கோட்) வெறுமனே அழித்துவிட்டு அனுப்பினால் காசு வீண். நீங்கள் பக்கத்தில் நின்று சிலவற்றைக் கேளுங்கள். என்ன கோட் என்று எழுதி வாங்குங்கள். பி2463 என்றால் கரி அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. பி242எஃப் என்றால் சாம்பல் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. பி2002 என்றால் பில்டர் கரியைப் பிடிக்கவில்லை, பெரும்பாலும் உடைவு அல்லது உள்ளே காலி. பி2452 முதல் பி2455 வரை வந்தால் பிரச்சினை அழுத்த சென்சரிலோ அதன் வயரிலோ. பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு அழுத்த வேறுபாட்டைக் காட்டச் சொல்லுங்கள். காற்றே ஓடாத நேரத்தில் அது பூச்சியம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சரே பொய் சொல்கிறது, அதை நம்பி பில்டரைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தச் சென்சருக்குப் போகும் ரப்பர் குழாய் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய கடற்காற்றில் இரும்புக் குழாயின் முனை துருப்பிடித்துத் துளைவிடும், சூட்டில் ரப்பர் வெடிக்கும். நிந்தவூரிலிருந்து ஒரு நானா டிபிஎஃப் புதிதாகப் போட வேண்டும் என்று எங்கேயோ சொன்னதைக் கேட்டு, விலையில் மனம் நொந்துபோய் வந்தார். கீழே படுத்துப் பார்த்தால் பின்பக்கக் குழாயில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அரை அடிக் குழாய் மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் மாற்றும்போது சூடு தாங்கும் குழாயாகப் பார்த்துப் போட வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் குழாயை மாட்டியிருந்த வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன்.

சென்சர் உண்மை சொல்கிறது, பில்டர் அடைத்துத்தான் இருக்கிறது என்றால், கரியை யார் கூட அனுப்புகிறார்கள் என்று தேட வேண்டும். எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். படுவான்கரைக் கிரவல் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் இரண்டு மாதத்திலேயே அது மண்சட்டியாகிவிடும். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெரிய ரப்பர் குழாயில் வெடிப்பிருந்தால் காற்று குறைந்து கறுப்புப் புகை வரும். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி இறுகியிருந்தாலும் அப்படியே. இன்ஜெக்டர் சொட்டினால் கரி, டர்போ சீல் ஒயில் விட்டால் கரியும் சாம்பலும். இவற்றை விட்டுவிட்டுப் புது டிபிஎஃப் போட்டாலும் ஆறு மாதத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள். பலர் தவறவிடுவது தெர்மோஸ்டாட். நம்முடைய ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் தண்ணீர் உரிய சூட்டுக்கு வராது, வராவிட்டால் பல வண்டிகளில் கம்பியூட்டர் ரீஜென்னைத் தொடங்காது. டீசல் மிகக் குறைவாக இருந்தாலும் சில வண்டிகள் தொடங்க மாட்டா. ஐந்நூறு ரூபாய்க்கு அடித்து ரிசர்வ் லைட்டோடு ஓடும் பழக்கம் டிபிஎஃப் வண்டிக்கு ஆகாது.

காரணத்தைத் திருத்திய பிறகு கரியை எரிக்கும் வேலை. ஸ்கானரால் கட்டளை கொடுத்து நின்ற இடத்திலேயே செய்யும் ரீஜென் உண்டு. எல்ஃப், கன்டர் போன்ற லொறிகள் பலவற்றில் டாஷ்போட்டிலேயே அதற்குப் பொத்தான் இருக்கும். லைட் மின்னினால் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அதை அழுத்தி 15, 20 நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கரி எல்லைக்கு மேல் நிறைந்த பில்டரைக் கட்டாயப்படுத்தி எரிக்கக்கூடாது. அவ்வளவு கரியும் ஒரேயடியாகப் பற்றினால் உள்ளே 1000 பாகையைத் தாண்டும், பீங்கான் வெடிக்கும் அல்லது உருகும். தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றிச் சுத்தம் செய்வதில் நான் செய்த பிழையையும் சொல்கிறேன். டிபிஎஃப் எங்களுக்குப் புதிதாக இருந்த காலத்தில் ஒரு டைனா லொறியின் பில்டரைக் கழற்றினேன். அறிவாளி மாதிரி வாகனம் கழுவும் பிரஷர் கன்னை வாய்க்குக் கிட்டப் பிடித்து அடித்தேன். கறுப்புத் தண்ணீர் ஆறாய் ஓடியது, எனக்கோ ஒரே சந்தோஷம். பூட்டிக் கொடுத்தேன், வண்டி பறந்தது. இரண்டு கிழமையில் திரும்ப வந்தபோது வால் குழாய் கறுப்பு. வெட்டிப் பார்த்தால் பீங்கானின் ஒரு பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் பஞ்சு விரிப்பு கரைந்து போயிருந்தது. அந்தச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். தண்ணீரால் கழுவுவதில் பிழையில்லை, ஆனால் குறைந்த அழுத்தத்தில், புகை வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே வரும் பக்கத்துக்கு, எதிர்த்திசையில் கழுவ வேண்டும். பிறகு முழுதாகக் காய வேண்டும். அதைவிட நல்லது, சூளை போன்ற அடுப்பில் 600 பாகை அளவில் மெதுவாகச் சுட்டுக் கரியை எரித்து, பின்னர் காற்றால் எதிர்த்திசையில் ஊதிச் சாம்பலை எடுப்பது. இதற்கென்று இயந்திரம் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவைப் பார்த்தாலும் அதுதான் மலிவு.

அனுப்பும்போது ஒரு தந்திரம். கழற்றியதும் நிறுத்துப் பாருங்கள். நான் மீன்காரத் தம்பி ஒருவரின் தராசை இரவல் வாங்கி நிறுப்பேன். சுத்தமாகி வந்ததும் திரும்ப நிறுங்கள். எடையில் மாற்றமே இல்லை என்றால் உங்கள் காசுக்கு அவர்கள் உருளையின் வெளிப்பக்கத்தைத்தான் துடைத்திருக்கிறார்கள். அந்தத் தூசியைக் கையாளும்போது முகமூடி போடுங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. கராஜ் மூலையில் ஊதிவிட்டு அதே இடத்தில் பிளேன்டீ குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இனி ஒயில். எனக்குக் கேட்டால் பராமரிப்பில் பாதி இதுதான். சாதாரண டீசல் ஒயிலில் சாம்பலாகும் சேர்மானம் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். ஜப்பானின் சிறிய டீசல் எஞ்சின்களுக்கான ஜாசோ டிஎல்-1 தர ஒயிலில் அது 0.6 சதவீதத்தைத் தாண்டாது. லொறிகளுக்கான டிஎச்-2 தரத்தில் 1 சதவீதம் அளவு. ஐரோப்பிய வண்டிகளுக்கு ஏசிஈஏ (ACEA) தரத்தில் சி2, சி3 போன்ற சி வரிசை. இவை போத்தலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் எஞ்சின் 5000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஒயில் எரிக்கிறது என்று வையுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றரில் பத்து லீற்றர், கிட்டத்தட்ட எட்டரைக் கிலோ. அதில் 0.6 சதவீதம் என்றால் 50 கிராம் சாம்பல், 1.5 சதவீதம் என்றால் 130 கிராம் அளவு. மலிவு ஒயிலில் மிச்சம் பிடித்த காசு பில்டருக்குள் போய்க் குந்திக்கொள்ளும், அதை எந்த ரீஜென்னாலும் கிளப்ப முடியாது. 2020இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம்வரை புது வண்டி வராததால், இங்கே ஓடும் வேன்கள் பலவும் இந்தச் சாம்பல் வயதுக்கு வந்துவிட்டன. மீற்றரில் தெரியும் கிலோமீற்றரையும் அவ்வளவாக நம்ப வேண்டாம், அது வேறு கதை.

டீசல் விஷயத்தில், ஜப்பானில் இந்த வண்டி ஓடியது கந்தகம் 10 பிபிஎம் அளவுக்கு மேல் இல்லாத டீசலில். இங்கே ஷெட்டில் கிடைக்கும் ஆட்டோ டீசலில் கந்தகம் அதைவிடக் கூட, சூப்பர் டீசலில் மிகக் குறைவு. கந்தகம் பில்டரின் பூச்சை மந்தமாக்கும். பள்ளிக்கூட வேன் வருமானத்தில் எப்போதும் சூப்பர் அடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறைக்கு ஒருமுறையாவது அடியுங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். போத்தலில் விற்கும் டிபிஎஃப் கிளீனர் மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். கரிக்குக் கொஞ்சம் உதவலாம், சாம்பலுக்கு ஒன்றும் செய்யாது. என் காசைப் போட்டு வாங்க மாட்டேன்.

வண்டி திருந்திய பிறகு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், செங்கலடி தாண்டி வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். போக ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வேகம் 60க்கு மேல் தேவையில்லை. ஐந்தாம் கியரில் தூங்க விடாமல், நாலிலோ மூன்றிலோ வைத்து எஞ்சின் 2000 முதல் 2500 சுற்றில் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓடினால் போதும். பொலிஸுக்கும் வேலை வராது. ரீஜென் நடக்கிறது என்று தெரிந்தால் வீட்டு வாசலுக்கு வந்தாலும் நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்றுப் போங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும், வைக்கோலுக்கு மேல் நிறுத்தாதீர்கள். அறுவடைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ரோட்டோரமெல்லாம் வைக்கோலும் நெல்லும் காயும். ரீஜென் நடந்து முடிந்த வண்டியை அதற்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தேன். கீழே மெல்லிய வெள்ளைப் புகை கிளம்பியதைப் பக்கத்து வயலில் நின்ற ஒரு ஐயாதான் முதலில் கண்டு, குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். வண்டி தப்பியது. கீழே இருந்த வயர் கட்டு ஒன்று மட்டும் உருகியது.

வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்று இன்னும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் வண்டி நன்றாக இழுக்கும், அதனால்தான் எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். ஆனால் கம்பியூட்டருக்கு பில்டர் போனது தெரியாது. அழுத்தம் வராததைக் கண்டு பி2002 போடும், அல்லது இல்லாத பில்டரை எரிக்க டீசலைக் கூட அடித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த கம்பியூட்டரின் புரோகிராமை மாற்ற வேண்டும், அதற்கு இன்னொரு செலவு. மாற்றத் தெரியாதவர் கைவைத்தால் வேறு நோய்கள். சொட்டும் இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டேதான் இருக்கும், இனி எச்சரிக்க லைட்டும் இல்லை. கரி முழுவதும் வால் குழாயால் வரும், அந்தக் குழாய்க்குப் பின்னால் வரிசையில் நின்று உங்கள் வேனில் ஏறுவது நாலாம் வகுப்புப் பிள்ளைகள். இன்னொன்று: அந்தப் பீங்கானின் பூச்சில் பிளாட்டினம் போன்ற விலையுள்ள உலோகம் இருக்கிறது. இலவசமாக வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எடுத்த கட்டி யாருக்கு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

திருத்திய பிறகு ஒரு சின்னக் கொப்பியை வண்டியில் வையுங்கள். ஃபேன் சத்தம், ஏறிய ஐட்லிங், மணம் இவற்றைக் கவனித்து, ரீஜென் நடந்த நாளையும் மீற்றர் கிலோமீற்றரையும் எழுதுங்கள். முடிந்தால் ஸ்கானரிலும் ஒத்துப் பாருங்கள். ஒரு ரீஜென்னுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சில நூறு கிலோமீற்றர் போனால் நல்லது. நூறுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்தால் நாம் ஏதோ ஒரு காரணத்தைத் தவறவிட்டிருக்கிறோம், அந்தக் கொப்பியோடு வாருங்கள். இப்போதைக்கு ஒயில் குச்சியின் நிலை, எரியும் லைட்டின் படம், தகட்டில் இருக்கும் மாடல் எண் இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.